தண்டுவடம் அடிபட்டவருக்குக் கருவி வாங்குமுன் அளவு நாடாவை எடுங்கள்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் தண்டுவடம் அடிபட்டவர்களின் கதை பெரும்பாலும் நான்கைந்து வகைக்குள் அடங்கிவிடும்: தென்னையிலோ பனையிலோ ஏறி விழுந்தவர், கட்டடச் சாரத்தில் இருந்து விழுந்தவர், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் தவறியவர், நான்குவழிச் சாலையில் இரு சக்கர வாகனத்தோடு அடிபட்டவர், எப்போதாவது மாடு தூக்கி எறிந்தவர். நான் இரண்டாவது வகை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்தது. நெஞ்சுப் பகுதி முள்ளெலும்புகளில் பத்தாவது நொறுங்கி, தொப்புளுக்குக் கீழே அசைவும் உணர்வும் இல்லாமல் போயின.

வீடு திரும்பிய வாரத்திலேயே உறவினர் ஒருவர் பாசத்தோடு ஒரு சக்கர நாற்காலி வாங்கி வந்தார். உட்காரச் சுகமாக இருக்கட்டும் என்று மருந்துக்கடையில் காற்றடைத்த ரப்பர் வளையம் ஒன்றையும் சேர்த்து வாங்கினோம். மூன்றே வாரத்தில் இடது புட்டத்தில், உட்காரும் எலும்புக்கு நேர் மேலே, புண் வந்தது. அது ஆற ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் குப்புறவும் பக்கவாட்டிலுமாகப் படுத்தே கிடந்தேன். நாற்காலி என் இடுப்பைவிட நான்கு அங்குலம் அகலமாக இருந்தது என்பதும், அந்த வளையம் யாருக்குமே ஆகாதது என்பதும் பிறகுதான் தெரிந்தது. சட்டைக்கு அளவு கொடுக்காமல் துணி வெட்டச் சொல்ல மாட்டோம். நாளுக்குப் பத்து மணி நேரம் உட்காரப்போகும் நாற்காலியை மட்டும் கண்ணால் பார்த்து வாங்கிவிடுகிறோம். எதை முதலில் வாங்குவது, எப்படி அளவெடுப்பது, எதை நம் ஊர்த் தச்சரிடமும் வெல்டிங் பட்டறையிலும் செய்துகொள்ளலாம், எதைச் செய்யக்கூடாது என்பவற்றை இங்கே எழுதுகிறேன். பிசியோதெரபிஸ்டோ ஆக்குபேஷனல் தெரபிஸ்டோ கிடைத்தால் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அளவெடுங்கள்.

எந்த எலும்பு, எவ்வளவு மிச்சம்

மருத்துவமனையில் தந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் 'சி', 'டி', 'எல்' என்ற எழுத்துகளில் ஒன்றும் அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். சி கழுத்து, டி நெஞ்சுப் பகுதி, எல் இடுப்பு. எண்கள் மேலிருந்து கீழாகக் கூடிக்கொண்டே போகும். அதற்கு அருகில், காயம் எவ்வளவு முழுமையானது என்று சொல்லும் 'ஆசியா' (ASIA) அளவுகோலில் 'ஆசியா ஏ' என்று இருந்தால், அடிபட்ட இடத்துக்குக் கீழே ஆசனவாய் வரை உணர்வோ அசைவோ மிஞ்சவில்லை என்று பொருள். 'ஆசியா பி', 'ஆசியா சி', 'ஆசியா டி' என்று இருந்தால் ஏதோ ஓரளவு மிஞ்சியிருக்கிறது. கருவிப் பட்டியல் இந்த ஒரு வரியில் இருந்துதான் தொடங்குகிறது.

சி4, அதற்கு மேல் என்றால் தலையும் தோளும்தான் வசப்படும். தாடையால் இயக்கும் மின் நாற்காலியும் குரலால் இயங்கும் கைப்பேசியும் தேவைப்படும். சி5இல் முழங்கை மடங்கும். சி6இல் மணிக்கட்டு மேலே நிமிரும். சி7இல் முழங்கையை நீட்டி ஊன்ற முடியும் என்பதால் பலர் தாமாகவே கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாறுகிறார்கள். டி வரிசையில் கைகள் முழுவதும் நம்முடையவை. எண் கூடக் கூட உடம்பை நிமிர்த்தி உட்காரும் பலமும் கூடும். எல் வரிசையில் தொடைத் தசைகளில் ஓரளவு பலம் இருந்தால், காலை நிமிர்த்திப் பிடிக்கும் சட்டமான காலிப்பரும் முழங்கை ஊன்றுகோலும் உண்மையாகவே பயன்படும்.

காலிப்பரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எப்படியாவது நடக்க வைத்துவிட வேண்டும் என்ற தவிப்பில் குடும்பங்கள் முதல் பணத்தை அதில்தான் போடுகின்றன. நெஞ்சுப் பகுதியில் முழுமையாக அடிபட்டவருக்கு அது எழுந்து நின்று பழக உதவும். கடைக்குப் போய்வர உதவாது, ஏனென்றால் பத்தடி நடப்பதற்குள் மூச்சு முட்டிவிடும். என்னுடைய காலிப்பர் இன்றும் பரணில் இருக்கிறது. அந்தப் பணத்தில் நல்ல மெத்தை வாங்கியிருந்தால் ஏழு மாதம் மிஞ்சியிருக்கும்.

நாற்காலிக்கு முன்னால் மெத்தை

உணர்வு இல்லாத இடத்தில் வலிக்காது. வலிக்காததால் நகர்ந்து உட்காரத் தோன்றாது. நகராததால் எலும்புக்கும் பலகைக்கும் நடுவே நசுங்கிய தசையில் ரத்த ஓட்டம் நின்று, மேலே தெரிவதற்கு முன்பே உள்ளே அழுகத் தொடங்கிவிடுகிறது. அதனால் முதல் செலவு, நாற்காலியில் போட்டு உட்காரும் மெத்தைக்கு. அடர்த்தியான ஃபோம், ஜெல், காற்றறைகள் கொண்டது என்று மூன்று வகை உண்டு. ஃபோம் மலிவு, எடை குறைவு, ஆனால் நம் வெயிலிலும் வியர்வையிலும் ஓரிரண்டு ஆண்டில் சப்பிவிடும். ஜெல் சூடு பிடிக்காமல் இருக்கும், தூக்குவதற்குக் கனம். காற்றறை மெத்தைதான் ஏற்கெனவே புண் வந்து ஆறியவர்களுக்குப் பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் அதில் காற்றளவு சரியாக இருக்க வேண்டும், பஞ்சரும் ஆகும்.

காற்றளவைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். அடிபட்டவர் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருக்கும்போது, வீட்டார் ஒருவர் உள்ளங்கை மேலே பார்த்தவாறு கையை மெத்தைக்கும் புட்டத்துக்கும் இடையில் நுழைத்து, மிகவும் தாழ்ந்திருக்கும் எலும்பைத் தேட வேண்டும். எலும்பைத் தொட்ட விரலைக் கீழே அழுத்தினால் அரை அங்குலத்தில் இருந்து ஓர் அங்குலம் வரை விரல் இறங்கி, பிறகு அடித்தளம் தட்டுப்பட வேண்டும். விரல் அசையவே முடியாமல் நசுங்கினால் காற்றுக் குறைவு. எலும்பு மெத்தைக்குள் புதையாமல் மேலேயே மிதந்தால் காற்று அதிகம். கொடைக்கானல் போன்ற மலையூருக்குப் போனால் காற்றழுத்தம் மாறிவிடும் என்பதால் அங்கே போனதும் மறுபடி பார்க்க வேண்டும்.

காற்று வளையத்தை வாங்கவே வாங்காதீர்கள். நடுவில் ஓட்டை இருப்பதால் புண்ணுக்கு இதம் என்று தோன்றும், நடப்பதோ வேறு. வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுவில் உள்ள சதைக்கு வர வேண்டிய ரத்தத்தையும் நிறுத்திவிடுகிறது. இலவம்பஞ்சுத் திண்டும் உட்காருவதற்கு ஆகாது. போடிப் பக்கத்துப் பஞ்சு தலைக்கு எவ்வளவு சுகமோ அவ்வளவு சீக்கிரம் புட்டத்தின் கீழ் கட்டிதட்டிப்போகும்.

சாதாரண மடக்கு நாற்காலிகளின் ரெக்சின் இருக்கை சில மாதங்களில் தொட்டில்போல் தொய்ந்துவிடும். தொய்ந்தால் இரண்டு தொடைகளும் உள்ளே சரிந்து இடுப்பு கோணலாகும். அதற்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட்டை இருக்கையின் அளவுக்கு வெட்டி, முனைகளை உருட்டி, மெத்தையின் அடியில் போட்டால் போதும். தச்சருக்கு அரை மணி நேர வேலை.

எவ்வளவு நல்ல மெத்தையாக இருந்தாலும் அழுத்தத்தைக் குறைக்கும், நீக்காது. கைப்பேசியில் அரை மணிக்கு ஒரு முறை அலாரம் வைத்து, மார்பு தொடையில் படும் அளவுக்கு முன்னால் குனிந்து இரண்டு நிமிடம் இருங்கள். கையை ஊன்றி உடம்பைத் தூக்கும் பழைய முறையில் இரண்டு நிமிடம் தாங்க முடியாது, தோள்பட்டையும் தேய்ந்துவிடும்; இனி நமக்குக் காலும் அதுதான். குனிய முடியாத கழுத்துக் காயக்காரரை வீட்டார் நாற்காலியோடு பின்னால் சாய்த்துத் தம் மடியில் தாங்கிக்கொள்ளலாம். காலையும் இரவும் கைப்பிடி நீண்ட கண்ணாடியால் புட்டம், வால் எலும்பு, குதிகால், கணுக்கால் ஆகியவற்றைப் பாருங்கள். சிவந்த இடமோ, கறுத்த நிறத்தவருக்குத் தோல் மேலும் கறுத்துச் சூடாக இருக்கும் இடமோ, அரை மணி நேரத்தில் பழையபடி ஆகாவிட்டால், அது சரியாகும்வரை அந்த இடத்தை ஊன்றி உட்காரக் கூடாது.

படுக்கைக்குப் பம்பு வைத்த ஏர் பெட் நல்லதுதான். ஆனால் மின்சாரம் நின்றால் காற்று இறங்கி உடம்பு கட்டில் பலகையைத் தொட்டுவிடும் என்பதால், அதற்கு அடியில் நான்கு அங்குல ஃபோம் மெத்தை இருக்கட்டும். ஏர் பெட் இருக்கிறதே என்று இரண்டு மணிக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைப்பதை ஆரம்ப நாட்களில் விட்டுவிடாதீர்கள்.

நாற்காலிக்கு அளவெடுத்தல்

தொய்வில்லாத பெஞ்சிலோ மரப்பலகையிலோ, பாதம் தரையில் பதியும்படி உட்காரவைத்து, வழக்கமாக உடுத்தும் உடையோடு அளவெடுக்க வேண்டும். இடுப்பின் இரு பக்கமும் இரண்டு தடித்த புத்தகங்களைச் செங்குத்தாக ஒட்டவைத்து, புத்தகங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்தால் சதையைச் சுற்றி வளைந்து போகாத சரியான அகலம் கிடைக்கும். அதோடு ஓர் அங்குலம் கூட்டினால் இருக்கையின் அகலம். என் இடுப்பு 14 அங்குலம். 15 அங்குல நாற்காலி எனக்குப் போதும். எனக்கு வந்ததோ கடைகளில் எப்போதும் கிடைக்கும் 18 அங்குலம். மிச்சமிருந்த இடத்தில் உடம்பு இடது பக்கம் சரிந்து, முழுப் பாரமும் ஒற்றை எலும்பில் இறங்கியது. அகலமான நாற்காலி வசதி என்பது கால் உள்ளவர்களின் கணக்கு. இன்னொன்றும் உண்டு: இருக்கையின் அகலத்தோடு சக்கரங்களுக்கும் கைவளையங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ எட்டு அங்குலம் கூடும். 15 அங்குல நாற்காலி 26 அங்குலக் கதவுக்குள் நுழையும். 18 அங்குல நாற்காலி நிலையில் உரசி நிற்கும்.

ஆழத்துக்கு, முதுகுப்புறச் சுவரில் இருந்து முழங்காலின் பின் மடிப்பு வரை அளந்து, இரண்டு அங்குலம் கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் இருக்கையின் விளிம்பு முழங்கால் பின்பக்கத்தை அழுத்தும்; அதிலிருந்து தப்ப உடம்பு தானாக முன்னால் வழுகி, வால் எலும்பின் மேல் உட்காரத் தொடங்கும். முழங்கால் மடிப்பில் இருந்து செருப்போடு குதிகால் வரை அளந்து, அதிலிருந்து மெத்தையின் தடிமனைக் கழித்தால், நாற்காலி இருக்கையில் இருந்து மிதிபலகை எவ்வளவு கீழே இருக்க வேண்டும் என்பது தெரியும். மிதிபலகைக்கும் தரைக்கும் குறைந்தது இரண்டு அங்குல இடைவெளி வேண்டும். முதுகுச் சாய்வு, உடம்பு நிமிரும் பலம் உள்ளவருக்குத் தோள்பட்டை எலும்பின் கீழ்முனைக்குக் கீழேயே நின்றால்தான் கை தாராளமாகப் பின்னால் போய்ச் சக்கரத்தைத் தள்ளும். கழுத்துக் காயக்காரருக்கு உயரமான சாய்வு தேவை.

கடைசியாகச் சக்கரத்தின் இடம். மெத்தையோடு நேராக உட்கார்ந்து தோளைத் தளர்த்திக் கையைத் தொங்கவிட்டால், நடுவிரல் நுனி பெரிய சக்கரத்தின் அச்சுக்கு நேராக வர வேண்டும். அச்சு வெகுவாகப் பின்னால் இருந்தால் ஒவ்வொரு தள்ளலுக்கும் தோள் முறுக்கிக்கொள்ளும். முன்னால் கொண்டுவந்தால் தள்ளுவது எளிது, ஆனால் மேட்டில் நாற்காலி மல்லாந்துவிடும். அதற்காகப் பின்னால் இரண்டு சிறு தடுப்புச் சக்கரங்களைப் பொருத்துவார்கள். மருத்துவமனை மாதிரி மடக்கு நாற்காலியில் அச்சை நகர்த்தவே முடியாது; அதன் எடையும் பெரும்பாலும் பதினாறு கிலோவுக்கு மேல். அளவுக்குச் செய்யும் நாற்காலிகள் இப்போது நம் மாநிலத்திலேயே கிடைக்கின்றன. சென்னை ஐஐடியின் ஆர்2டி2 ஆய்வு மையத்தில் உருவாகி, நியோமோஷன் நிறுவனம் செய்துதரும் நியோஃப்ளை அவற்றில் ஒன்று; முன்னால் மாட்டிக்கொள்ளும் நியோபோல்ட் என்ற மின்மோட்டார் இணைப்போடு அது மணிக்கு 25 கிலோமீட்டர் வரை ஓடும். உட்கார்ந்த நாற்காலியிலேயே எழுந்து நிற்க உதவும் 'அரைஸ்' நாற்காலியும் அதே மையத்தில் இருந்து 2019இல் வந்தது. விலையைக் கேட்டுத் தயங்குவது இயல்பு. புண் அறுவை சிகிச்சை ஒன்றின் செலவை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

விரல்கள் மடங்காத கைக்கு

சி6 அளவில் அடிபட்டவரின் விரல்கள் அசையாது. ஆனால் மணிக்கட்டை மேலே நிமிர்த்தும்போது, தசைநார்கள் இழுபட்டு விரல்கள் தாமாக உள்ளே மடங்கும், கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வந்து ஒட்டும். ஒரு சாவியையோ பத்து ரூபாய்த் தாளையோ அந்தப் பிடியில் எடுக்க முடியும். இது இயற்கை விட்டுவைத்த கருவி. இதைக் கெடுப்பது பெரும்பாலும் அன்புள்ள கைகள்தான்: அம்மாவோ மனைவியோ நாள்தோறும் எண்ணெய் தேய்த்து, மணிக்கட்டையும் விரல்களையும் ஒருசேரப் பின்னால் வளைத்து நீட்டி விடுகிறார்கள். சில மாதங்களில் அந்த நார்கள் தளர்ந்து பிடி போய்விடுகிறது. விரல்களை நீட்டும்போது மணிக்கட்டு கீழே தொங்கியிருக்கட்டும். மணிக்கட்டை நிமிர்த்தும்போது விரல்கள் மடங்கியிருக்கட்டும். இந்த ஒன்றை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்.

சாப்பிடவும் எழுதவும் பல் துலக்கவும் கைப்பட்டை ஒன்று போதும். ஒன்றேகால் அங்குல அகலத் தோல்வாரை உள்ளங்கையைச் சுற்றி வரும்படி வெட்டி, புறங்கையில் வெல்க்ரோ ஒட்டி, உள்ளங்கைப் பக்கத்தில் கரண்டிக் காம்பு இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஒரு பை தைக்க வேண்டும். செருப்புத் தைப்பவரிடம் மாதிரி காட்டினால் உட்கார்ந்த இடத்திலேயே தைத்துக் கொடுத்துவிடுவார். தையலின் முடிச்சு தோலைத் தொடாமல் வெளிப்பக்கம் வர வேண்டும் என்பதை மட்டும் நின்று பார்த்து வாங்குங்கள். வெல்க்ரோ முனையில் ஒரு துணி வளையம் தைத்துவிட்டால், அதைப் பல்லால் இழுத்துத் தாமாகவே மாட்டவும் கழற்றவும் முடியும். ஓரளவு பிடி உள்ளவருக்குச் சைக்கிள் கைப்பிடி ரப்பரைக் கரண்டிக் காம்பில் செருகினாலே போதும். சி5 அளவினருக்கு மணிக்கட்டைத் தாங்கும் அணையும் கூட வேண்டும்.

கைப்பேசிக்கு அதே பட்டையில் தொடுதிரைப் பேனாவைச் செருகலாம். ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழில் பேசினாலே எழுத்தாகிவிடும். மதுரைப் பேச்சு வழக்கையும் ஓரளவு புரிந்துகொள்கிறது, 'ங்க' போடும் இடங்களில் மட்டும் சற்றுத் தடுமாறும். கை அறவே வராதவர்கள் ஆண்ட்ராய்டின் அணுகல்தன்மை அமைப்புகளில், புருவம் உயர்த்துதல், வாய் திறத்தல், சிரித்தல் போன்ற முக அசைவுகளைப் பொத்தானாக மாற்றும் வசதியை இயக்கிக்கொள்ளலாம். ஐபோன்களுக்கு 2024இல் வந்த ஐஓஎஸ் 18இல் பார்வையாலேயே திரையை இயக்கும் வசதி இருக்கிறது. எதுவானாலும், கட்டிலிலும் நாற்காலியிலும் கவ்விக்கொள்ளும் வளையும் தாங்கி ஒன்று இல்லாவிட்டால் பயன்படாது.

சிறுநீருக்கு

நான்கு முதல் ஆறு மணிக்கு ஒரு முறை கதீட்டர் குழாயை நுழைத்துச் சிறுநீரை வடித்துவிட்டு எடுத்துவிடுவது, கை வசமுள்ளவர்களுக்கு மருத்துவர்கள் முதலில் சொல்லும் வழி. ஒரு முறை வடிவது 500 மில்லியைத் தாண்டினால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். பெண்களுக்குத் தொடையில் கட்டிக்கொள்ளும் சிறு கண்ணாடி உதவும். நிரந்தரக் கதீட்டரும் யூரின் பேக்கும் உள்ளவர்கள், பை எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாகவும் தரையைத் தொடாமலும் இருக்கும்படி நாற்காலிச் சட்டத்தில் கொக்கி வைத்துக்கொள்ளுங்கள். குழாய் தொடைக்கு அடியில் மாட்டினால் சிறுநீரும் நிற்கும், தோலிலும் தடம் விழும்.

டி6இலோ அதற்கு மேலே கழுத்தை நோக்கியோ அடிபட்டவர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. குழாய் மடங்கியோ மலம் இறுகியோ ஆடை இறுக்கியோ, உணர்வில்லாத உடம்பில் ஏதோ ஒன்று உறுத்தும்போது ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். தலை பிளப்பதுபோல் வலிக்கும், முகம் சிவந்து வியர்க்கும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, ஆடையைத் தளர்த்தி, முதலில் குழாயைப் பாருங்கள். காரணத்தை நீக்கியும் அடங்காவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள். படுக்கவைத்தால் அழுத்தம் இன்னும் ஏறும். இதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதி, லேமினேஷன் செய்து, நாற்காலி முதுகின் பின்பையில் வைத்திருங்கள். அவசரத்தில் வரும் எல்லா மருத்துவருக்கும் இது நினைவில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

கட்டிலில் இருந்து நாற்காலிக்கு

மெத்தை போட்ட நாற்காலியின் உயரமும் மெத்தை போட்ட கட்டிலின் உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரும்பாலும் 19, 20 அங்குலம் வரும். கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களின் கீழ் குழிவு வெட்டிய மரக்கட்டைகளை வையுங்கள், செங்கல் வழுகும். கயிற்றுக் கட்டில் தொய்வதால் அதில் இருந்து மாறவே முடியாது. இடமாற்றுப் பலகையை 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 28 அங்குல நீளம், 9 அங்குல அகலத்தில் அறுத்து, இரண்டு முனைகளையும் கீழ்ப்பக்கமாகச் சரித்து இழைத்து, உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் பூசச் சொல்லுங்கள். காய்ந்ததும் பழைய காலுறை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு பலகை முழுவதும் தடவிப் பாருங்கள். நூல் சிக்கும் இடத்தில் சிலாம்பு இருக்கிறது. வெறுந்தொடை பலகையில் படக் கூடாது. பிரேக் போடாமல் நகரவும் கூடாது. பிரேக் டயரைக் கவ்வ வேண்டும் என்றால் டயரில் காற்று இருக்க வேண்டும்.

நிலைப்படியும் கழிப்பறையும்

சாய்தளத்துக்கு ஒவ்வோர் அங்குல உயரத்துக்கும் ஓரடி நீளம் வேண்டும். மூன்று படி, ஒவ்வொன்றும் ஆறு அங்குலம் என்றால் பதினெட்டு அடி. மாசி வீதிகளுக்குப் பின்னால் உள்ள சந்துகளில் வீட்டு முகப்பே அவ்வளவு இருக்காது. சுவரை ஒட்டி ஒரு பக்கமாக ஏறித் திரும்பும்படி அமைக்கலாம்; திரும்பும் இடத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விட வேண்டும். இல்லாவிட்டால் கொல்லைப்புற வாசலைப் பாருங்கள், பல வீடுகளில் அங்கே ஒற்றைப் படிதான் இருக்கும். பட்டறையில் செக்கர்டு பிளேட்டில் செய்யும் கழற்று சாய்தளத்துக்கு இரு ஓரமும் இரண்டு அங்குல விளிம்பு வையுங்கள். மழையில் முன்சக்கரம் ஓரம் தாண்டினால் ஆளோடு சாக்கடைக்குள் போய்விடும்.

நிலைப்படியை அறுக்க எங்கள் வீட்டில் யாரும் ஒப்பவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கும் படியை அறுப்பதா என்று என் அம்மா கேட்டதற்கு என்னிடம் பதிலும் இல்லை. மூன்று அங்குலப் படிக்கு உள்ளே மூன்றடி, வெளியே மூன்றடி என்று இரண்டு மரச் சரிவுகளைச் செய்து, படியின் மேல்மட்டத்துக்குச் சமமாகப் பொருத்தினோம். வெள்ளிக்கிழமை காலையில் அவற்றைக் கழற்றிவைத்துவிட்டு அம்மா படியைத் துடைப்பார்.

கிராமத்து வீடுகளில் தரைக்கழிப்பறைதான் இருக்கும். அதை இடித்து மேற்கத்தியக் கோப்பை வைக்கப் பணமில்லை என்றால், கோப்பையின் மேல் நேராக வந்து நிற்கும் சக்கரம் வைத்த கமோடு நாற்காலியைத் துருப்பிடிக்காத எஃகுக் குழாயில் செய்துகொள்ளலாம். நான்கு சக்கரத்திலும் பிரேக் வேண்டும். கை நுழைக்க ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். அதன் இருக்கையில் நீர் உறிஞ்சாத மெத்தை கட்டாயம். வெறும் பிளாஸ்டிக் வளையத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே சிவந்துவிடும். குளிக்கும் வெந்நீரை உணர்வுள்ள கையாலோ வீட்டார் கையாலோ பார்த்த பிறகே காலில் ஊற்ற வேண்டும்.

வெளியே போக

அரசு தரும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டர், இடுப்புக்கு மேல் பலமுள்ளவருக்கு நல்ல துணை. முதுகுச் சாய்வும் இடுப்பு வாரும் பொருத்திக்கொள்ளுங்கள், நாற்காலி மெத்தையையே அதன் இருக்கையிலும் போடுங்கள். புகைக்குழாய்க்குத் தகட்டு மறைப்புப் போடாமல் ஓட்டவே வேண்டாம். மேலூர் வரை போய்வந்து இறங்கிய ஒருவரின் கணுக்காலில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்திருந்ததை நான் பார்த்தேன், அவருக்கு அதுவரை தெரியவே தெரியாது. சித்திரை, வைகாசி வெயிலில் நிறுத்திவைத்த நாற்காலியின் கறுப்பு ரெக்சினும் இரும்பும் அதே வேலையைச் செய்யும். கழுத்தில் அடிபட்டவருக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது. காய்ச்சல் இல்லாமலே உடம்பு கொதிக்கும் என்பதால், தண்ணீர் தெளிக்கும் பாட்டிலும் ஈரத் துண்டும் கூடவே இருக்கட்டும்.

விண்ணப்பமும் பயிற்சியும்

அரசு மருத்துவக் குழுவிடம் மாற்றுத்திறனாளிச் சான்றும், அதன் வழியாகத் தனித்துவ அடையாள அட்டையும் பெற்றால்தான் மற்ற கதவுகள் திறக்கும். ஆட்சியர் அலுவலக வளாகங்களில் திங்கட்கிழமைதோறும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும், மின்கலத்தால் இயங்கும் சக்கர நாற்காலியும் மாநில அரசின் திட்டங்களில் உண்டு. மத்திய அரசின் அலிம்கோ நிறுவனம் முகாம்களில் கருவி வழங்குகிறது. மனுவில் 'சக்கர நாற்காலி வேண்டும்' என்று மட்டும் எழுதாமல், மேலே எடுத்த அளவுகள் ஐந்தையும் மெத்தையின் தேவையையும் எழுதி, மருத்துவரின் பரிந்துரையை இணையுங்கள். மின்நாற்காலி கேட்பதற்கு முன் ஒன்றை யோசியுங்கள்: ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ளதைப் படியில் யாராலும் தூக்க முடியாது, சாய்தளம் முதலில்.

கருவியைப் பயன்படுத்தக் கற்பதற்கு ஓரிரு மாதம் தங்கிப் பயில்வது போல வேறு வழி இல்லை. 1954இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் மேரி வர்கீஸ் உருவாக்கிய வேலூர் சிஎம்சி மறுவாழ்வுத் துறையும், கழுத்தில் அடிபட்ட எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தென்காசி அருகே ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கமும் நாம் போய்ச் சேரக்கூடிய இடங்கள். நாற்காலியை இரண்டு சக்கரத்தில் நிறுத்திக் கல்லைத் தாண்டும் வித்தையை எழுத்தில் சொல்லித்தர முடியாது.

பராமரிப்புக்குத் தெருமுனைச் சைக்கிள் கடையே போதும். ஸ்போக் இறுக்கவும், பஞ்சர் ஒட்டவும், பேரிங் மாற்றவும் அவருக்குத் தெரியும். நாற்காலி கடையில் இருக்கும் நேரத்துக்கு நீங்கள் உட்கார வேறு இடம் வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டி யோசியுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் காற்று, பிரேக், நட்டுகள், மெத்தை உறையின் சுருக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். ஓடும் நாற்காலி திடீரென்று ஒரு பக்கமாக இழுத்தால் முன்சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். தலைமுடியும், மல்லிகைச் சரத்தில் இருந்து உதிர்ந்த நாரும் அச்சைச் சுற்றி இறுகிப் பேரிங்கைக் கவ்வியிருக்கும். எங்கள் வீட்டில் பூக் கட்டுவதால் எனக்கு இது மாதம் ஒரு முறை வேலை. பிளேடால் குறுக்கே ஒரு கோடு கீறி, இடுக்கியால் பிடித்து இழுத்தால் மொத்தமும் ஒரே சுருளாக வந்துவிடும். பிறகு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.